கடலைக்கொல்லை ஓரத்துச் சுமைதாங்கி

அரும்பாவூரிலிருந்து மேற்கே பச்சைமலையைப் பார்த்து நடந்தால் கடைசியாக வருகிற பட்டா நிலம் என்னுடையது. அதற்கப்பால் சர்க்கார் காடு. நான் வாங்கியபோது அந்த நாலு ஏக்கரிலும் கள்ளியும் கல்லும்தான் இருந்தன. மூன்று வருஷம் ஒற்றை ஆளாகக் கல் பொறுக்கினேன். பொறுக்கிய கல்லைக் கொட்டியிருந்தால் பெரம்பலூர் வரைக்கும் ரோடு போட்டிருக்கலாம். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. என்னோடு படித்து மூன்றாம் வகுப்புக்குப் போனவர்களெல்லாம் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதினால் சண்டை வரும்.

அப்போது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. எனக்கு இருபத்து நாலு வயது. தாய் தகப்பன் இல்லை, எனக்காகப் பேச ஆள் இல்லை. அதனால் பெண் கேட்கவும் நானே போனேன். அரியலூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். அவர்கள் வீட்டுப் பெண்ணை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டிக்கொண்டிருந்தாள். மாடு பின்னால் வர வர, ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையாலேயே அவிழ்ந்த தலையை முடிந்தாள். எத்தனை பேரால் அது முடியும்? இவள்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பெண்ணின் தகப்பனார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கரட்டுல கடலை போட்டிருக்கேங்கிறீங்க. எங்க ஊர்ல சொன்னா சிரிப்பாங்க தம்பி. ஐப்பசியில வந்து பாக்கறோம். கொல்லை நெறைஞ்சு கெடந்தா மேற்கொண்டு பேசுவோம். இல்லேன்னா நீங்களும் அலைய வேணாம், நாங்களும் அலைய வேணாம்."

நியாயமான பேச்சு. எனக்கும் பயமில்லை. ஆடியில் விதைத்தது ஆவணியில் தரையே தெரியாமல் படர்ந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு கடலையை யாரும் பார்த்ததில்லை.

பூ வைத்த சமயத்தில்தான் வினை வந்தது. சண்டையால் சீமெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, டவுனில் விறகுக்குக் கிராக்கி. பக்கத்து ஊர்ப் பெண்கள் பதினெட்டு இருபது பேர், காட்டைக் காவல் காக்கிற கார்டிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு விடியலில் காட்டுக்குள் போவார்கள். உச்சிப்பொழுதுக்குத் தலைச்சுமையாகக் காய்ந்த விறகு கொண்டு இறங்குவார்கள். காட்டு எல்லையை ஒட்டி ஒரு தடம் என் கொல்லையைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதில் போகக்கூடாதா? போகமாட்டார்கள். ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, எறும்பு வரிசை மாதிரி, நட்டநடுக் கொல்லையில் நடப்பார்கள்.

கடலை விவசாயம் தெரிந்தவர்களுக்கு என் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று புரியும். பூ வாடியபின் அதன் காம்பு விழுதாக இறங்கி மண்ணுக்குள் போய்த்தான் காயாகும். மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். இருபது பேர் சுமையோடு மிதித்தால் மண் களம் மாதிரி இறுகிவிடும். விழுது எங்கே இறங்குவது? கொல்லையின் நடுவே, தலை நடுவே வகிடு எடுத்தது மாதிரி வெள்ளையாக ஒரு பாதை விழுந்துவிட்டது. ஐப்பசியில் வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

இலந்தை முள்ளும் உடை முள்ளும் வெட்டி வேலி போட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் வேலியைக் காணோம். அந்தப் பெண்களுக்கு முன்னால் நடந்து வருகிறவள் ஒரு நெட்டையான அம்மாள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள் இருப்பாள். அவளை மறித்தேன்.

"ஏக்கா, என் வேலி எங்க?"

"அடுப்புல தம்பி. நல்லா காஞ்ச முள்ளு, பூவா எரிஞ்சுது. நாளைக்கும் போடுவியா?"

பின்னால் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இரண்டாம் தடவை பச்சை முள்ளாக வெட்டிப் போட்டேன். அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்கள். காய்ந்தபிறகு எடுத்துக்கொண்டார்கள்.

கார்டிடம் போய் முறையிட்டேன். காக்கி அரைக்கால் சட்டை, கையில் பிரம்பு. எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "காட்டுக்குள்ள பச்சை மரத்த வெட்டுனா நான் புடிப்பேன். உங்க கொல்லையில நடந்தா நான் என்னங்க பண்றது? அதுக்கு நீங்கதான் கார்டு."

சரி, நானே கார்டு. மறுநாள் கொல்லை முகப்பில் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னைக்கு ஒருத்தரும் உள்ள கால் வெக்கக் கூடாது. தடத்தோட சுத்திப் போங்க."

அந்த அம்மாள் சுமையோடு நின்றாள். "போவலாம் தம்பி. சுமைய எங்க எறக்குறது?"

"கீழ போட்டு எறக்கு."

"கீழ போட்டா திரும்பத் தூக்கிவுட ஆளு வேணும். இவளுக்கு அவ தூக்கிவுடுவா, அவளுக்கு நான் தூக்கிவுடுவேன். கடைசியா நிக்கிறவளுக்கு எவ தூக்கிவுடுவா? நீ வருவியா?"

அப்போதுதான் கவனித்தேன். என் கொல்லை நடுவில் ஒரு பாறை உண்டு. நான் பொறுக்க முடியாமல் விட்ட ஒரே கல் அது. தோள் உயரம், மேலே மேடை மாதிரி தட்டை. இவர்கள் நேராக அதற்குப் போவார்கள். குனியாமல், யார் கையும் இல்லாமல், தலைச்சுமையை அப்படியே அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாறுவார்கள். பிறகு தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போவார்கள். காட்டிலிருந்து அவர்கள் ஊர் ஏரிக்கரை வரைக்கும் அப்படி ஓர் இடம் வேறு கிடையாது.

புரிந்தது. ஆனால் புரிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

"இந்தக் கட்டுக்குப் போய் எளைப்பாறணுமா? ரெண்டு மூட்டை நெல்லு தூக்கற ஆளு நான்" என்றேன்.

"அப்புடியா? இத தூக்கிட்டுத் தடத்தோட சுத்தி ஏரிக்கரை வரைக்கும் எறக்காம போ பாப்போம். போயிட்டேன்னா உன் கொல்லைப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டோம்."

இருந்ததிலேயே பெரிய கட்டாகப் பார்த்துத்தான் என் தலையில் ஏற்றினார்கள். இதை நான் இன்றைக்கும் சொல்வேன். மூட்டை சுமப்பது வேறு, விறகு வேறு. மூட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். விறகு நம்மோடு வராது, அது தன் பாட்டுக்கு ஆடும். ஒரு குச்சி காதைக் குத்தியது. கட்டுக்குள் இருந்த எறும்பு கழுத்து வழியாக இறங்கி முதுகில் குடித்தனம் போட்டது. கையை எடுத்தால் சுமை சாயும். பாதித் தடம் தாண்டவில்லை, கழுத்து நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. கீழே போட்டால் மானம் போகும். அதற்குப் பிறகு மூளை வேலை செய்யவில்லை, கால் வேலை செய்தது. நேராக என் கொல்லைக்குள்ளேயே திரும்பி, என் கடலையையே மிதித்துக்கொண்டு ஓடி, அந்தப் பாறையில் கொண்டுபோய்த் தள்ளினேன்.

ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும் அவர்கள் சிரித்தது.

வேறொருவனாக இருந்தால் அதோடு உட்கார்ந்திருப்பான். எனக்கு அந்தப் பாறைமேல் சாய்ந்து மூச்சு வாங்கும்போதே யோசனை வந்துவிட்டது. பாறையை உடைக்கலாம் என்றால் சண்டைக் காலத்தில் வெடிமருந்து கிடைக்காது. இவர்களுக்கு வேண்டியது என் கொல்லை இல்லை, தோள் உயரத்தில் ஒரு கல். அதைத் தடத்தோரத்தில் வைத்துவிட்டால்?

மூன்று நாள் வேலை. இரண்டு நெட்டுக்கல், மேலே ஒரு பாவுகல். ஒரு ஜோடி மாடும் ஒரு கடப்பாரையும் வைத்துக்கொண்டு தனியாக நட்டேன். என் எல்லைக்குள்தான், கொல்லை ஓரத்தில் ஒரு முழம் விட்டுக்கொடுத்தேன். தடத்தில் கிடந்த முள்ளையும் வெட்டிச் சுத்தம் பண்ணினேன். நாலாம் நாள் அந்த அம்மாள் சுமையை அதன்மேல் இறக்கிப் பார்த்தாள்.

"பாறையவிட ஒசரம் தோதா இருக்கு தம்பி" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய சர்டிபிகேட். அதற்குப் பிறகு ஒருத்தியும் என் கொல்லையில் கால் வைக்கவில்லை. நான் பாதையைக் கொத்திவிட்டேன். இரண்டு பக்கமும் கொடி படர்ந்து வகிடு மூடிக்கொண்டது.

ஐப்பசியில் பெண்ணின் தகப்பனாரும் தாய்மாமனும் வந்தார்கள். நெல்லுச்சோறு ஆக்கி, புளிக்குழம்பு வைத்து, மோர் கடைந்து தயாராக வைத்திருந்தேன். அரிசி கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. சம்பந்தம் பிடித்திருந்தால்தான் கை நனைப்பார்கள். இல்லையென்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார்கள்.

தகப்பனார் கொல்லைக்குள் இறங்கினார். ஒரு செடியைப் பிடுங்கி உதறினார். கொத்துக் கொத்தாகக் காய். தாய்மாமன் ஒன்றை உடைத்து வாயில் போட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பரவால்ல மாப்ள. கரட்டுல இப்புடி விளையும்னு நான் நெனைக்கல" என்றார் தகப்பனார்.

மாப்ள! அதுவரைக்கும் தம்பிதான். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கல் பொறுக்கிய கதை சொன்னேன், இரண்டு மூட்டை தூக்குகிற கதை சொன்னேன். கொல்லை ஓரமாக நடந்து வரும்போது தாய்மாமன் தன் துணி மூட்டையைச் சுமைதாங்கிமேல் வைத்தார்.

"புதுசா இருக்கே. யாரு வெச்சது?"

"நானேதான் மாமா. ஒத்த ஆளா வெச்சேன். இந்தப் பாவுகல்ல நாலு பேரு சேந்தாலும் அசைக்க முடியாது, பாருங்க" என்று கல்லைத் தட்டிக் காட்டினேன்.

அவர் மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். தகப்பனார் முகம் இறுகிவிட்டது.

"சரி தம்பி. பொழுது போவுது. நாங்க கெளம்பறோம்."

மறுபடியும் தம்பி. சோறு தயாராக இருக்கிறது என்றேன். பசியில்லை என்றார். மோராவது என்றேன். வேண்டாம் என்று முன்னால் நடந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாய்மாமன் மட்டும் பின்தங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வாயும் வயிறுமா போன பொண்ணுக்குத்தானே தம்பி சுமைதாங்கி வெப்பாங்க. மொத சம்சாரம் இருந்தத முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க என்ன தப்பாவா நெனைக்கப்போறோம்? மறைச்சீங்க பாருங்க, அதான்."

பிள்ளையைச் சுமந்தபடியே செத்தவள் சுமை இறக்க முடியாமல் தவிப்பாள், ஊரார் சுமையை அந்தக் கல் தாங்கினால் அவள் சுமை இறங்கும் என்று அவள் வீட்டார் வைப்பது வழக்கம். எனக்கும் அது தெரியாததல்ல. ஆனால் கல் நட்ட மூன்று நாளும் என் மண்டைக்குள் கடலை தவிர வேறொன்றும் இல்லை.

"எனக்கு எவளும் இல்லீங்க!" என்று கத்தினேன்.

தகப்பனார் திரும்பினார். "அப்ப யாருக்கு வெச்சீங்க?"

"கடலைக்கு."

"கடலைக்கு யாராச்சும் சுமைதாங்கி வெப்பாங்களா தம்பி? கேக்கறவன் கேனப்பயலா?"

நான் தனி ஆள். இல்லை என்று சத்தியம் பண்ணினாலும் கூட நின்று ஆமாம் என்று சொல்ல ஒரு உறவு கிடையாது. கவலை ஓட்டிய அந்தக் கை என் வீட்டுக்கு வராது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

அந்த நேரத்துக்குக் காட்டிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். நெட்டை அம்மாள் சுமையைக் கல்லில் இறக்கிவிட்டு எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள்.

"என்னா தம்பி, எழவு வூடு மாதிரி நிக்கிறீங்க?"

தாய்மாமன் விஷயத்தைச் சொன்னார். அவள் வாயில் கையை வைத்தாள்.

"இந்தத் தம்பிக்கு மொதத் தாரமா? அட நீங்க வேற! இவருக்குச் சோறு வடிக்கவே போன மாசம் நாங்கதான் சொல்லிக் குடுத்தோம். இந்தக் கல்லு எங்களுக்கு வெச்சது. ஏன் வெச்சாருன்னா..." என்று ஆரம்பித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்லட்டுமா தம்பி?"

இரண்டு மூட்டை தூக்குகிற கதையை நான் தகப்பனாரிடம் சொல்லி அரை நாழிகைகூட ஆகவில்லை.

"சொல்லுக்கா" என்றேன்.

சொன்னாள். எறும்பைக்கூட விடவில்லை. நான் கழுத்தை எப்படி உள்ளே இழுத்துக்கொண்டேன் என்று ஆமை மாதிரி செய்து காட்டினாள். இன்னொருத்தி நான் ஓடிய ஓட்டத்தை ஓடியே காட்டினாள்.

"எங்க கொண்டுபோய் எறக்குனாரு?" என்று கேட்டார் தகப்பனார். அவர் மீசை ஆடிக்கொண்டிருந்தது.

"அந்தாருக்கு பாருங்க பாறை. அவரு கடலையவே தொவச்சுக்கிட்டுல்ல போனாரு! நாங்க பத்து நாளு மிதிச்சத அவரு ஒரே நாள்ல மிதிச்சாரு!"

அவர் சிரித்த சிரிப்பில் துண்டு தோளிலிருந்து நழுவிவிட்டது. தாய்மாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிடித்திருந்த மூட்டையை மறுபடியும் கல்மேல் வைத்தார்.

"சோறு ஆறிப்போயிருக்குமா மாப்ள?" என்றார் தகப்பனார்.

ஆறித்தான் போயிருந்தது. இருந்தாலும் இருவரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். தை மாதத்தில் கலியாணம் என்று பேசி முடித்தோம். கை கழுவும்போது தகப்பனார் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"இனிமே எங்க ஆளுங்க யாரு வந்தாலும் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க மாப்ள. மிச்சத்த நாங்க பாத்துத் தெரிஞ்சுக்கறோம்."

சரிங்க மாமா என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கை கழுவிய தண்ணீர் நானே முப்பது அடி வெட்டிய கிணற்றுத் தண்ணீர் என்பதை மட்டும் சொன்னேன்.