பாட்டில் யாருடையது

எச்.ஐ.வி. மாத்திரை வாங்குகிற எங்களுக்குள் யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ளே அக்கா, தங்கச்சி, அண்ணன், தம்பி எல்லாம். கேட்டைத் தாண்டிவிட்டால் யாருக்கும் யாரையும் தெரியாது. மார்க்கெட்டில் எதிரே வந்தால்கூட வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிடுவோம். அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. "இவங்கள எப்படித் தெரியும்?" என்று கூட வருகிறவர்கள் கேட்டுவிட்டால் இரண்டு பேர் பிழைப்பும் போச்சு.

அந்தச் சட்டத்தை நான் ஒருத்திக்காக மீறினேன். அனுபவித்தேன்.

அப்போது எனக்கு பெங்களூர் அடுகோடியில் ஒரு லேடீஸ் பி.ஜி.யில் சமையல் வேலை. ஐ.டி. கம்பெனிக்குப் போகிற பெண்கள் தங்குகிற இடம். சம்பளத்தைவிட எனக்குப் பெரிதாக இருந்தது மூன்று வேளைச் சோறும், மாடிப்படிக்குக் கீழே கொடுத்த அறையும்தான். புருஷன் செத்ததும் அவர் வீட்டார் என்னைத் தர்மபுரியில் வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் நான் காலை நீட்டிப் படுத்த இடம் அந்த அறைதான். வேலை போனால் சோறும் போகும், அறையும் போகும், ஒரே நாளில்.

தினமும் மாத்திரை போடுவதைப் பார்த்து ஓனரம்மா கேட்டபோது சுகர் என்று சொல்லி வைத்தேன். நம்பிவிட்டார், நல்ல மனுஷி. அன்றிலிருந்து என் தட்டில் சோறு குறைந்து ராகிக் களி ஏறியது. பண்டிகைக்கு நான் கிண்டிய கேசரியை நானே தொட முடியாது. சொன்ன பொய்க்கு விசுவாசமாக நாக்கைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

அந்த ஒருத்தியை ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் பார்த்தேன். விஷயம் தெரிந்து அண்ணி துரத்திவிட்டிருந்தாள். கோயில் அன்னதானத்தை நம்பி நாளை ஓட்டிக்கொண்டிருந்தவள், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டுத் தலை சுற்றி என் தோளில் சாய்ந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. சின்னம்மா மகள் என்று சொல்லி பி.ஜி.யில் மேல்வேலைக்குச் சேர்த்துவிட்டேன். என் பாயிலேயே பாதி இடம் கொடுத்தேன்.

வந்த அன்றே சொன்னேன். "பாட்டில அப்படியே வெக்காதடி. சத்து மாத்திர டப்பாவுல கொட்டிக்கோ. குலுங்குனா கேப்பாங்க, மேல கொஞ்சம் பஞ்ச வெச்சு மூடு."

"சரிக்கா, சரிக்கா" என்றாள். மண்டையில் ஏறினால்தானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பருப்பு டப்பாவுக்குப் பின்னால் அவள் ஒளித்து வைத்த பாட்டில் லேபிளோடு ஓனரம்மா கையில் சிக்கியது. அங்கே தங்கியிருந்த, மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அதை வாங்கிப் படித்து, இன்ன மருந்து என்று சொல்லிவிட்டாள். எங்கள் இரண்டு பேரையும் சமையலறையில் நிறுத்திவைத்து ஓனரம்மா தன் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஏனம்மா இது? யாருது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அக்காவோடதும்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்கிட்டயும் சுகருன்னுதான் சொன்னாங்க."

இவளுக்கும்தான் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தையே பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"உன்ன எவ்ளோ நம்புனேன். பொண்ணுங்க இருக்கிற மனே இது. சாமான எடுத்துக்கோ" என்றார் ஓனரம்மா. சாப்பாட்டில் இது தொற்றாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை. நான் சமைத்த பாத்திரங்களையெல்லாம் வெந்நீர் ஊற்றித் தேய்க்கச் சொன்னார். தேய்த்தவள் அவள்தான். பற்றி எரிந்தது எனக்கு.

பயத்தில் உளறிவிட்டாள், போன் பண்ணுவாள் என்று காத்திருந்தேன். நான் பண்ணினாலும் எடுக்கவில்லை. அந்தத் தெருவில் வேறெந்த பி.ஜி.யிலும் என்னைச் சேர்க்கவில்லை. சொந்தக்காரர் வீட்டில் சில நாள் தனித் தட்டில் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் பொம்மசந்திராவில் ஒரு பேக்டரி கேன்டீனில் காய் நறுக்கப் போனேன். மதியச் சோறு மட்டும் நிச்சயம் என்பதால் மாத்திரையை மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். படுக்கை, நைட் ஷிப்ட் பெண் ஒருத்தியுடையது. அவள் திரும்பி வந்தால் நான் எழுந்துவிட வேண்டும்.

பிறகு ஒருநாள் மாத்திரை வாங்கப் போனபோது, என்னை மாட்டிவிட்டவள் வந்தாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இப்ப நான்தான் சமைக்கிறேன். சாம்பாரு உங்க கை மாதிரி வரலன்னு மூஞ்சியச் சுளிக்கிறாளுங்க. பொடிக்கு என்ன அளவு போடுவீங்க?"

"வெக்கமா இல்லையாடி உனக்கு?" என்றேன். பெஞ்சிலிருந்தவர்கள் திரும்பினார்கள்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "வேற என்னக்கா பண்றது? ரெண்டு பேருமே ரோட்டுக்கு வந்திருக்கணுமா?"

பொடி அளவை நான் சொல்லவில்லை. அவள் சொன்னது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் அன்றைக்கு அடுப்படியில் என் பக்கம் திரும்பி, "அக்கா" என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், பாட்டில் என்னுடையது என்று நானே சொல்லியிருப்பேன்.