தெரிந்த கேள்வியில் தொலைந்த பரீட்சை

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருக்கும் சமயம் இது. பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து அரசுப் பணித் தேர்வு எழுதப் போன முதல் ஆள் நான். அப்பா அன்று கடலுக்குப் போகாமல் செங்கல்பட்டு வரை கூடவே வந்து, தேர்வு நடந்த பள்ளியின் வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று மணி நேரத்தில் ஐந்து கட்டுரைகள் எழுத வேண்டும். முதல் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கடற்கரை மக்களின் வாழ்க்கையை உயர்த்தும் வழிகள்! என்னைவிட யாருக்குத் தெரியும்? வலை, கட்டுமரம், மீன் ஏலம், புயல் என்று எழுதிக்கொண்டே போனேன். என்னிடம் கைக்கடிகாரம் கிடையாது. மூன்றாம் முறையாகக் கூடுதல் தாள் கேட்டபோது கண்காணிப்பாளர், "இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருக்கு தம்பி" என்றார்.

அவசர அவசரமாக இரண்டாவது கேள்விக்குத் தாவினேன். மீதி நான்கும் எனக்குத் தெரிந்த கேள்விகளே. மூன்றாவதைத் தொடங்கும்போதே மணி அடித்துவிட்டது. "சார், அஞ்சே நிமிஷம் சார்" என்று கெஞ்சினேன். அவர் தாளை உருவிக்கொண்டார்.

வாசலில் அப்பா பதறி எழுந்தார். "இன்னாடா, கஷ்டமா கேட்டுட்டாங்களா?"

"இல்லப்பா, எல்லாமே தெரிஞ்ச கேள்விதான்."

"அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற?"

"முதல் கேள்வியிலயே நேரமெல்லாம் போயிடுச்சுப்பா."

நான் தேறவில்லை. இப்போது மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறேன். இரவல் கடிகாரத்தை எதிரில் வைத்துத் தினமும் எழுதிப் பழகுகிறேன். முதல்முறை எழுதப்போகிறவர்களும் அப்படியே பழகுங்கள். அரை மணி ஆனதும், நான் எந்த வரியில் இருந்தாலும் பேனாவைப் பிடுங்கிவிடும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் இரக்கமே இல்லாமல் பிடுங்கிவிடுகிறார்.