சந்தையில் நிறைவேறிய தீர்மானம்

“நான் கவர்மெண்டு இல்லம்மா” என்று எங்கள் எம்.எல்.ஏ. சொன்னதும், ஜமுனாமரத்தூர் சந்தையில் புளி விற்றுக்கொண்டிருந்த அம்மாள் தராசைக் கீழே வைத்துவிட்டார். “கார்ல கொடி பறக்குது, கூட போலீசு வர்றாரு. நீங்க கவர்மெண்டு இல்லன்னா வேற யாருதாங்க?” நான் அவருடைய உதவியாளனாகப் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் ஆளுங்கட்சிக்காரர்தான். ஆனால் சபை விதிகளின்படி, அமைச்சராக இல்லாத எவரும் அரசுசாரா உறுப்பினர். இதைப் புளிக்கடை முன்னால் நின்று விளக்கிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

அந்த அம்மாள் கேட்டது பெரிய விஷயமில்லை. பகலில் மட்டும் டாக்டர் இருக்கும் மலைச் சுகாதார நிலையத்தில் ராத்திரியும் ஒரு டாக்டர் தங்க வேண்டும். மருமகளுக்கு வலி கண்டு கீழே போளூர் ஆஸ்பத்திரிக்கு இறக்கும்போது, குழந்தை வழியிலேயே போய்விட்டதாம்.

அமைச்சரிடம் மனு கொடுத்தோம். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். சரி, சபையில் தீர்மானமாகவே கொண்டுவருகிறேன் என்று இவர் கிளம்பினார். அரசுசாரா உறுப்பினர்களுக்கென்று சபையில் தனி நாள் உண்டு. யாருடைய தீர்மானம் முதலில் என்று குலுக்கல் போட்டு எடுப்பார்கள். இவர் பெயர் வந்தது. அன்றைக்கென்று பார்த்து அரசு மசோதாக்கள் இழுத்துக்கொண்டே போயின. கூட்டத்தொடர் முடிந்தது, தீர்மானம் காலாவதி. அடுத்த தொடரில் மறுபடி நோட்டீஸ், மறுபடி குலுக்கல், பெயர் வரவில்லை. அதற்கடுத்த தொடரில் வந்தது. கூச்சலில் சபையையே ஒத்திவைத்துவிட்டார்கள். கூச்சல் போட்டவர்கள் அத்தனை பேரும் அரசுசாரா உறுப்பினர்கள்தான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பிறகு விதிகளைச் சீராய்வு செய்ய ஒரு குழு போட்டார்கள். அரசுசாரா உறுப்பினர்களுக்கான நாளை வேறு அலுவல் விழுங்கக் கூடாது, பேசி முடியாத தீர்மானம் அடுத்த தொடரிலும் உயிரோடு இருக்க வேண்டும் என்று இவர் எழுதிக் கொடுத்தார். அருமையான யோசனை என்று காபி கொடுத்து அனுப்பினார்கள். அறிக்கை வருவதற்குள் சபையின் ஆயுளே முடிந்தது. குழுவும் காலாவதி!

“இன்னாண்ணே இது?” என்றேன்.

“வுடுடா. மலைக்கு வண்டிய எடுக்கச் சொல்லு.”

வரும் தேர்தலில் மறுபடி சீட் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. சபையில் ஒரு வரிகூடப் படிக்கக் கிடைக்காத தீர்மானத்தை அன்று சந்தையில் நின்று முழுதாகப் படித்தார். “ஏற்பவர்கள் கை தூக்கலாம்” என்றார். சாமை மூட்டைகளுக்குப் பின்னாலிருந்தெல்லாம் கைகள் எழுந்தன. புளிக்கார அம்மாள், வயிற்றைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகளின் கையையும் சேர்த்துத் தூக்கினார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

“எல்லாரும் தூக்கிட்டோங்க” என்றார் அந்த அம்மாள். “இவளுக்கு அடுத்த மாசம். டாக்டரு எப்பங்க வருவாரு?”

அவர் தீர்மானக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“சரி வுடுங்க. போளூர்ல ஒரு வூடு பாத்து, இவளக் கூட்டிக்கினு நானே போய் இருந்துக்கறேன்.”

இப்போது நான் வேறொரு உறுப்பினரிடம் வேலை பார்க்கிறேன், இவரும் அமைச்சரில்லை. போன வாரம் போளூர் பேருந்து நிலையத்தில் மலையிலிருந்து வந்த சாயங்கால பஸ் நின்றது. நிறைமாதப் பெண்கள் இரண்டு பேர் துணிமூட்டையோடு மெல்ல இறங்கினார்கள். அவர்களுக்கு வழிவிட்டுக் காத்திருந்து, பின்னாலேயே இறங்கினார் மலைச் சுகாதார நிலையத்து டாக்டர்.