ஈரத்துணியில் சுற்றிய ஆண் பூக்கள்

பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுப்பது என் வேலை. மகரந்தச்சேர்க்கைப் பாடத்தைப் புத்தகம் திறக்காமலே நடத்துவேன். படம் வரையச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அப்படிப்பட்ட நான்தான் எங்கள் சொந்தப் பாகல் தோட்டத்தில் மூன்று நாள் பூக்களை வீணாக்கினேன். அதையாவது அறியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். பழியை இன்னொருவர் தலையில் போட்டது அறிந்தே செய்தது.

எங்கள் தோட்டம் தாராபுரத்திலிருந்து வெள்ளகோவில் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. விவசாயம் முழுக்க என் கணவர் பொறுப்பு. சில வருடங்களாக ஒரு விதைக் கம்பெனிக்காகப் பாகலில் ஒட்டு விதை எடுத்துக் கொடுக்கிறோம். பாகலில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கும். பெண் பூவைக் கண்டுபிடிப்பது எளிது. இதழுக்குக் கீழே நகக்கண் அளவில் ஒரு குட்டிப் பாகற்காய் அப்போதே உட்கார்ந்திருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான்.

ஒட்டு விதைக்கு ஒரு ரகத்தின் பெண் பூவில் வேறொரு ரகத்தின் மகரந்தம் விழ வேண்டும். அதைத் தேனீயிடம் விட முடியாது. அது எந்தப் பூவிலிருந்து எதற்குப் போகும் என்று யார் கண்டது? அதனால் காய் பிடிக்க வேண்டிய ரகத்தை நட்ட பெண் வரிசையில் உள்ள ஆண் மொட்டுகளைத் தினமும் கிள்ளிவிட வேண்டும். மறுநாள் மலரப் போகிற பெண் மொட்டைச் சாயங்காலமே காகித உறையால் மூட வேண்டும். விடிந்ததும் உறையைக் கழற்றி, மகரந்தத்துக்கான ரகத்தை நட்ட ஆண் வரிசையில் பறித்த பூவின் இதழைப் பின்னால் மடித்து, பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தொட்டுவிட்டு, திரும்ப மூடி, காம்பில் சிவப்பு நூல் கட்ட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். இதைக் கிராசிங் வேலை என்பார்கள்.

ஊருக்குத் தெற்கே இருக்கிற காலனியிலிருந்து எட்டுப் பெண்கள் இந்த வேலைக்கு வருவார்கள். அவர்களில் மூத்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். கத்தரி, வெண்டை, பருத்தி என்று எல்லாவற்றிலும் கிராசிங் செய்து பழகிய கை. அவர் தொட்ட பூ அநேகமாகத் தவறாது. கணவர்கூட ஏதாவது சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பார். அவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் நான் அவரை வா, போ என்றுதான் பேசிவந்தேன். அவர் என்னை டீச்சர், வாங்க, போங்க என்பார்.

அந்த வருடம் மே மாத விடுமுறையில் கணவர் ஒரு வேலையாகக் கோயமுத்தூர் போனார். திரும்ப நான்கு நாளாகும், காலையில் தோட்டத்தை நீ பார்த்துக்கொள் என்றார். எனக்கு உற்சாகமாக இருந்தது. கரும்பலகையில் வரைந்ததைக் கையால் செய்யப்போகிறேன் என்ற உற்சாகம். பெண்கள் வந்து ஆண் பூவைப் பறிப்பதற்கே அரை மணி நேரம் போகிறதே, நாமே முன்னால் எழுந்து பறித்து வைத்தால் என்ன என்று யோசித்தேன். பறித்தும் வைத்தேன். பூ வாடாமலிருக்க, மல்லிகைப்பூவுக்குச் செய்கிற மாதிரி தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றி, ஒரு தூக்குப்போசியில் போட்டு மூடினேன்.

பெண்கள் வந்ததும் போசியைத் திறந்து பெருமையாக நீட்டினேன். மூத்தவர் ஒரு பூவை எடுத்தார். இதழை மடித்தார். கட்டைவிரல் நகத்தில் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். நல்ல பூவாக இருந்தால் நகத்தில் மஞ்சளாகப் பொடி ஒட்டும்.

“ஏனுங் டீச்சர், பூவு நனஞ்சிருக்குதுங்களே. பொடி வரமாட்டீங்குதுங்க” என்றார்.

ஈரம் இருந்தால் பூ உயிரோடு இருக்கும், நீ தொட்டுக்கொண்டு போ என்றேன். அவர் மறுபடியும் வாயெடுத்தார். இதைத்தான் நான் பள்ளிக்கூடத்தில் பாடமாக நடத்துகிறேன் என்றேன். மற்ற ஏழு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பூக்களை மடியில் கட்டிக்கொண்டு வரிசைக்குள் போய்விட்டார். மூன்று நாளும் அப்படியே நடந்தது. மூன்றாம் நாள் மட்டும் அவர் அரை மணி நேரம் தாமதமாக வந்தார். பேரனுக்குக் காய்ச்சல் என்றார். போய் வேலையைப் பார் என்று சொன்னேன்.

கணவர் ஊரிலிருந்து வந்த மூன்றாம் நாள் காலையில் பந்தலுக்குக் கீழே போய்ப் பார்த்தால், சிவப்பு நூல் கட்டிய குட்டிக் காய்கள் மஞ்சளாகிச் சுருங்கி மண்ணில் கிடந்தன. மகரந்தம் சேராத பெண் பூ அப்படித்தான் ஆகும். காயாக வேண்டியது இரண்டு மூன்று நாள் காத்திருந்துவிட்டுக் காம்போடு கழன்றுவிடும். கணவர் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு கை நிறைய அள்ளினார். முந்தின வாரத்துக் காயெல்லாம் பச்சைப் பசேலென்று தொங்க, நான் பார்த்துக்கொண்ட நாட்களின் காய் மட்டும் கீழே.

நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். என்ன ஆயிற்று என்று அவர் என்னிடம் தெலுங்கில்தான் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பெண்கள் எல்லாரும் பக்கத்து வரிசையில் நின்றார்கள். நான் தமிழில் பதில் சொன்னேன்.

“இந்தம்மா நேரங்கழிச்சு வந்துச்சுங்க. பூ வாடுன பொறவு தொட்டா எங்க புடிக்கும்?”

எதற்காகத் தமிழில் சொன்னேன் என்பதை அதற்குப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். தெலுங்கில் சொல்லியிருந்தால் அது எங்கள் இருவரோடு போயிருக்கும். எல்லார் காதிலும் விழ வேண்டும் என்றுதான் தமிழில் சொன்னேன். தண்ணீர்தான் காரணம் என்று அந்த நிமிடம் எனக்குத் திட்டமாகத் தெரியாது. ஆனால் காரணம் அவர் இல்லை என்பது நன்றாகத் தெரியும். அவர் தாமதமாக வந்தது ஒரே ஒரு நாள். விழுந்து கிடந்ததோ மூன்று நாள் காய், அதுவும் எட்டுப் பேர் வரிசையிலும்.

மூத்தவர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன்.  நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கணவர் மெல்லச் சொன்னதற்கு, அவர் “செரிங்க” என்றார். பாதியில் நின்ற வரிசையை முடித்தார். நூல்கண்டை வரப்பில் வைத்துவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடம் திறந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆய்வகத்தில் மகரந்தச் செய்முறை வந்தது. நித்தியகல்யாணிப் பூவின் மகரந்தத்தைச் சர்க்கரைக் கரைசலில் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்தால், ஒவ்வொரு மணியிலிருந்தும் மெல்லிய குழாய் ஒன்று நீளும். அந்தக் குழாய்தான் பூவுக்குள் சூல்வரைக்கும் இறங்கிக் கருவுறச் செய்வது. நுண்ணோக்கியில் அதைக் காட்டினால் பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும். அன்று கரைசல் தீர்ந்துபோய், கடைசி மேசையில் இருந்த பெண் வெறும் தண்ணீரை விட்டுவிட்டாள்.

“டீச்சர், எல்லாம் வெடிக்குதுங்க” என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். மணிகள் ஒவ்வொன்றாக உப்பி, ஓரத்தில் விரிசல் விட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் தண்ணீரில் கக்கின. உடனே விளக்க ஆரம்பித்தேன். மகரந்த மணிக்குள்ளே கரைசல் அடர்த்தி அதிகம், வெளியே வெறும் தண்ணீர், சவ்வூடுபரவலால் தண்ணீர் உள்ளே புகும், மணி தாங்காமல் வெடிக்கும், வெடித்த மகரந்தம் எதற்கும் ஆகாது. மழைநாளில் காய் பிடிப்பு குறைவது இதனால்தான் என்று சொல்லும்போதே தூக்குப்போசியும் ஈரத்துணியும் நினைவுக்கு வந்தன. பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். முகமெல்லாம் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. எழுதி முடியுங்கள் என்று சொல்லிவிட்டு வராந்தாவில் போய் நின்றேன். வருடா வருடம் நான் சொல்லிக்கொடுத்தது அது. மூத்தவர் நகத்தில் தேய்த்தே அதைத் தெரிந்துகொண்டார்.

அன்றைக்கே போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று தள்ளித் தள்ளித் தீபாவளி தாண்டியது. நடுவில் கணவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அதைத் தெலுங்கில் சொன்னேன். அவர், நடந்தது நடந்துவிட்டது, இதை இப்போது கிளறினால் நாளைக்கு யார் நம் பேச்சுக்கு மதிப்புக் கொடுப்பார்கள் என்றார். எனக்கு அந்தப் பதில் வசதியாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். அத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் அந்தத் தெருவுக்குள் போனது அதுதான் முதல் தடவை. அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். இப்போது ஒரு நூல் மில்லில் கூட்டுகிற வேலை என்றும், காலையில் வேன் வருகிறது என்றும் மருமகள் சொன்னாள். காப்பி குடிப்பீங்களா என்று மூத்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். குடிப்பேன் என்றேன். குடித்தேன். குடித்தபோது ஏதோ பெரிய நல்ல காரியம் செய்கிற மாதிரி ஒரு எண்ணம் உள்ளே ஓடியது. அதற்கும் சேர்த்துத்தான் இப்போது வெட்கப்படுகிறேன்.

தப்பு என் மேல்தான், தண்ணீர் பட்டுப் பொடி வீணாய்ப்போனது, உங்களைச் சொன்னது பொய் என்றேன். வாயில் ‘நீங்க’ என்று வந்தது அப்போதுதான். அவர் சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால சொல்லிப்போட்டீங்க டீச்சர். இன்னைக்கு எங்கூட்டுல வந்து, என்ற காதுல சொல்றீங்க.”

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. இருப்பதைச் சொன்ன குரல்தான். என்னால் நிமிர முடியவில்லை. எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றேன். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

தை மாதம் மறுபடி பாகல் பூத்தது. ஒரு சனிக்கிழமை காலை, கணவரும் நிற்கும்போதே, பந்தலுக்குள் போய் வேலையிலிருந்த பெண்களிடம் சொன்னேன். காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்ததால் முதலில் யாருக்கும் கேட்கவில்லை. என்னங்க டீச்சர் என்று ஒருத்தி கேட்டாள். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நான்தான் தண்ணீர் தெளித்தேன், மூத்தவர் பொடி வரவில்லை என்று சொன்னார், நான் கேட்கவில்லை, பிறகு அவர் மேல் பொய் சொன்னேன். கணவர் அடுத்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு பெண், கையில் இருந்த பூவைத் தொட்டு முடித்து நூல் கட்டிக்கொண்டே சொன்னாள்.

“அது எங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்க. எங்க கையெல்லாந்தான் ஈரமா இருந்துச்சே.”

அப்போது ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட கேள்வி என்று உறைத்தது. அவள் அடுத்த உறையைக் கழற்றினாள்.

வேலைக்கு வரச் சொல்லிக் கணவர் மூத்தவருக்கு ஆள் அனுப்பினார். மில்லில் நிழலில் வேலை, அதுவே போதும் என்று சொல்லிவிட்டாராம். காலையில் நான் பள்ளிக்குப் போகும்போது சில நாள் அவரை மெயின் ரோட்டுப் புளியமரத்தடியில் பார்க்கிறேன். வேனுக்காக நிற்பார். வண்டியை மெதுவாக்குவேன். “பள்ளிக்கோடத்துக்குங்களா?” என்பார். ஆமாங்க என்பேன். அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொள்வதில்லை.