என் கல்யாணத்துக்குப் பரங்கிக்காய் விளைவித்த அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. வீட்டில் நான் அவரைக் கடைசி வரை 'நீ, வா, போ' என்றுதான் பேசினேன். அச்சில் வருவதால் மரியாதையோடு எழுதுகிறேன். அக்கா படித்திருந்தால், "என்னடி, திடீர்னு ஆர், ஆர்னு போடற?" என்று நிச்சயம் கேட்டிருப்பார். கேட்காமல் இருக்க அவரால் முடியாது.

அக்கா பிறந்தது கீழ்க்கட்டளையில். வீட்டுக்கு மூத்தவர் அவர், கடைக்குட்டி நான். சின்ன வயதில் கடிகாரம் நின்றுபோனால் மற்றவர்கள் சாவி கொடுப்பார்கள். அக்கா அது ஏன் நின்றது என்று பார்க்கத் திறப்பார். அதன் பிறகு அந்தக் கடிகாரம் ஓடியதாக எனக்கு நினைவில்லை. அம்மா திட்டுவார். அப்பா மட்டும், "ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்பார்.

அந்த அப்பாவுக்கே ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாமல் ஆனபோது, குடும்பம் அக்காவின் தலையில் விழுந்தது. பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குச் சேர்ந்தார். அக்கா படிக்காத கல்லூரியில்தான் நான் படித்தேன். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குத் தீராது.

இன்றைய பிள்ளைகளுக்கு டிரங்க் கால் என்றால் தெரியாது. வெளியூருக்குப் பேச வேண்டுமானால் ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த ஊர் ஆபரேட்டரும் அந்த ஊர் ஆபரேட்டரும் பேசி இணைப்புக் கொடுப்பார்கள். லைன் கிடைக்கும் வரை மற்றவர்கள் சினிமா பேசுவார்கள், மாமியார் கதை பேசுவார்கள். அக்கா, "உங்க ஊர் மண்ணு என்ன நிறம்?" என்று கேட்பார். போயே பார்க்காத ஊர்களில் எல்லாம் அவருக்கு முகம் தெரியாத தோழிகள் உண்டு. அவர்களில் நெருக்கமானவர் ஒட்டன்சத்திரத்து ஆபரேட்டர் சரோஜா அவர்கள்.

கல்யாணமாகி அக்கா இரும்புலியூர் போனார். மாமா வங்கியில் வேலை பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறும், முள் மண்டிய கொஞ்சம் நிலமும் கிடந்தன. வேறு மருமகளாக இருந்தால் அந்தப் பக்கக் கதவைச் சாத்தி வைத்திருப்பார். அக்கா, இதில் என்ன வரும் என்று பார்க்க ஆசைப்பட்டார். முதலில் கீரை, அப்புறம் வெண்டை, கொத்தவரை, கத்தரி என்று ஒவ்வொன்றாக வந்தன. வீட்டுக்குப் போக மிஞ்சியதை அக்கம்பக்கத்தினர் வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது இயற்கை விவசாயம் என்று பெரிதாகப் பேசுகிறார்கள். எண்பதுகளில் எங்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. தாம்பரத்தில் பூச்சி மருந்து விற்ற ஒரு கடைக்கு அக்காவோடு நானும் போயிருந்தேன். இதை அடித்தால் பூச்சி என்ன ஆகும் என்று கேட்டார் அக்கா.

"செத்துடும்மா."

"சரி. அப்புறம் இந்த மருந்து எங்க போகும்?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். பதில் தெரிந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா வந்துவிட்டார். அந்தப் பதில் அவருக்குக் கிடைக்கவே இல்லை, அதனால் மருந்தும் வாங்கவில்லை. கொள்கை, கோட்பாடு எல்லாம் இவ்வளவுதான். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளிப்பார், சாணமும் சருகும் மக்கவைத்துப் போடுவார்.

மாசி, பங்குனி மாதங்களில் அக்காவைப் பார்க்க வேண்டும். பனி விலகி வெயில் ஏறத் தொடங்கும் நேரம். வேப்பமரம் பூத்துத் தோட்டமெங்கும் மணக்கும். வெண்டை ஒரு நாள் விட்டால் முற்றிவிடும், கொத்தவரை கொத்துக் கொத்தாக இறங்கும், கிணற்றில் தண்ணீர் ஒவ்வொரு படியாகக் கீழே போகும். டியூட்டி முடிந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும் அக்கா, கைப்பையை மோட்டார் அறை ஆணியில் மாட்டிவிட்டு நேரே பாத்திக்குள் போய்விடுவார். மாமா காபியை அங்கேயே கொண்டு போய்க் கொடுப்பார்.

இந்த இடத்தில் அக்காவின் கடைசி நாட்களைச் சொல்லிவிடுகிறேன். கட்டுரையை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. சிறுநீரகம் கெட்டு, போன வருடம் மாசியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது, இதை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று நர்ஸைக் கேட்டார். அந்தப் பெண் பாவம், யாரையோ விசாரித்து வந்து மக்காச்சோளம் என்றார். "பாருடி, சோளக்கொல்லையே சொட்டுச் சொட்டா உள்ள எறங்குது" என்று என்னிடம் சொன்ன அன்று அக்காவுக்கு வலி அதிகம். அந்த நர்ஸுக்கும், பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், ரத்தம் கொடுத்த சேலையூர் இளைஞர்களுக்கும், பதினாறு நாளும் எங்களை அடுப்பு மூட்ட விடாத இரும்புலியூர் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பதினாறு முடிந்து கிளம்பிய பிறகு, அக்கா இல்லாத அந்த வீட்டுக்குள் நுழைய எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இனி, பரங்கிக்காய்க்கு வருகிறேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதத்தில் நிச்சயதார்த்தம், வைகாசிக் கடைசியில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் சேலையூர். தட்டு மாற்றி முடித்ததும், சபை நடுவில் அக்கா எழுந்து, "கல்யாணச் சாப்பாட்டுக்குக் காய் எல்லாம் என் தோட்டத்துல இருந்து வரும். ஒரு சொட்டு மருந்து பட்டிருக்காது" என்று சொல்லிவிட்டார். அப்பாவின் முகம் மாறியது. "பாக்கலாம்மா" என்றார் என் மாமியாராக வரவிருந்தவர். அந்தக் குரலில் நம்பிக்கை துளியும் இல்லை.

உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று அன்று மாலை அக்காவிடம் சண்டை போட்டேன். அக்கா நிதானமாகச் சொன்னார்: "உனக்கு நகை நட்டுன்னு போட என்கிட்ட ஒண்ணுமில்லடி. சாப்பாடாவது என் கையால வெளைஞ்சதா இருக்கட்டும்."

சாம்பார், கூட்டு, அல்வா மூன்றுக்கும் பரங்கிக்காய்தான் என்று முடிவானது. மாசியில் கொடி ஓடியது. பங்குனியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. பூக்களில் சிலவற்றின் அடியில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு இருந்தது. மற்றவை வெறும் காம்போடு நின்றன. பிஞ்சு இல்லாத பூ கொடியின் சத்தை வீணாக உறிஞ்சுகிறது என்று அக்கா கணக்குப் போட்டார். எனவே அவற்றைக் காலையிலேயே பறித்து பஜ்ஜி போட்டுவிடுவார். ருசியைச் சொல்லி மாளாது. மாமா அலுவலகத்துக்கும் டப்பாவில் எடுத்துப் போனார்.

பிஞ்சுகள் பருக்கவில்லை. ஒவ்வொன்றாக மஞ்சளித்து, சுருங்கி, உதிர்ந்தன. தண்ணீர் அதிகம் விட்டார், குறைத்து விட்டார், எரு வைத்தார். எதற்கும் அவை மசியவில்லை. காய் பார்த்துப் போக வந்த சமையல்காரர் மாணிக்கம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா இது, கொடி மட்டும் ஊருக்கே ஓடிகினு கீது, காய் ஒண்ணு கூட காணோமே! பந்தில தழைய வெச்சா மாப்ள வூட்டுக்காரன் சும்மா வுடுவானா? பேஜாரா பூடும்மா. மார்க்கெட்ல சொல்லி வெச்சிடவா?"

மாமாவுக்கும் பயம் வந்துவிட்டது. "ஒரு தடவை மருந்து அடிச்சுப் பாத்துடலாமே" என்றார் மெதுவாக.

"பூச்சியே இல்லையேங்க. ஏன் உதிருதுன்னு தெரியாம எதைக் கொல்றது?" என்றார் அக்கா. கேட்டதென்னவோ தெளிவான கேள்விதான். ஆனால் அன்று அவர் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

அடுத்த நாள் டியூட்டியில் ஒட்டன்சத்திரம் லைன் கிடைத்ததும் சரோஜாவிடம் சொன்னார். சரோஜாவின் மாமனார் பரங்கி போடுகிறவர். கேட்டுச் சொல்கிறேன் என்றவர், மறுநாள் கூப்பிட்டார். அந்தப் பேச்சை அக்கா எங்களுக்கு நடித்தே காட்டியிருக்கிறார்.

"ஆம்பளப் பூவு நிறைய நிக்குதான்னு எங்க மாமனாரு கேக்குறாரு."

"அது என்ன ஆம்பளைப் பூ?"

"பிஞ்சு இல்லாம வெறுங்காம்போட நிக்குமே, அதுதேன்."

"அதையா? அதைத் தினமும் பஜ்ஜி போட்டுட்டோமே!"

"அடிப்பாவி! மாப்பிள்ளைகளப் பூராம் தின்னுப்புட்டு, பிஞ்சு நிக்கலேன்னா எப்படி நிக்கும்?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், லைனுக்காகக் காத்திருந்தவர் திட்டினாராம். பள்ளிக்கூடத்தில் செம்பருத்திப் பூவை அறுத்துப் படம் வரைந்தவர்தான் அக்கா. அதில் எல்லாம் ஒரே பூவுக்குள் இருக்கும். பரங்கியில் தனித்தனிப் பூ என்று யாரும் சொல்லித் தரவில்லை. தப்பு செய்துவிட்டோமே என்று குறுகிப்போகாமல், "பூவுக்குள்ள இவ்ளோ இருக்காடி!" என்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கோ கல்யாணக் கவலை. இவருக்கு அதிலும் ஒரு அதிசயம்!

மறுநாளிலிருந்து பஜ்ஜி நின்றது. ஆண்பூ விரியத் தொடங்கியதும், வெயில் ஏறுமுன் அதைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பிஞ்சுள்ள பூவின் உள்ளே மெல்லத் தொட்டு எடுக்க வேண்டும். அக்கா ஒரு வரிசை, மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வரிசை, அதற்காக அங்கேயே தங்கிவிட்ட கல்யாணப் பெண் நான் ஒரு வரிசை. பருக்குமா, உதிருமா என்று தெரியாமல் கழிந்த அந்தச் சில நாட்கள் தேர்வு முடிவுக்குக் காத்திருந்ததைவிட மோசம். ஒரு காலையில் அக்கா கொடிக்குள்ளிருந்து கூப்பிட்டார். எலுமிச்சை அளவுக்கு ஒரு பிஞ்சு, பச்சைப் பசேலென்று. தொட்டுப் பார்க்கப் போன என் கையில் ஒரு தட்டு தட்டினார்.

பரங்கி பிழைத்தது. ஆனால் சித்திரையில் கிணறு வற்றத் தொடங்கியதால், இருந்த தண்ணீரையெல்லாம் கொடிக்கே விட வேண்டியதாயிற்று. கத்தரிச் செடி வாடியது, வாடிய செடியில் புழு விழுந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் அக்கா ஒவ்வொரு கத்தரிக்காயாக நறுக்கிப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். பொரியலுக்கு மாணிக்கம் தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கி வந்தார். யாருக்கும் தெரியப்போவதில்லை என்று எல்லோரும் நிம்மதியானோம்.

முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தது. மண்டபம் அக்கா வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். இலையில் பொரியல் விழுந்ததும், அக்கா பந்தியின் நடுவில் வந்து நின்றார். "கத்தரிக்காய் மட்டும் மார்க்கெட்ல வாங்கினதுங்க. எங்களுது புழு விழுந்துடுச்சு. மத்ததெல்லாம் நம்ம தோட்டம்" என்றார். அடுத்த வரிசைக்குப் போய் அதையே சொன்னார். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா நீ, நல்லா துன்னுகினு இருந்தவங்கள போயி..." என்று வாளியோடு நின்றார் மாணிக்கம். எனக்கு மணவறையிலேயே அழுகை முட்டியது. சபையில் கொடுத்த வாக்கைச் சபையிலேயே உடைத்துவிட்டார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மாமியார் பரங்கிக்காய்க் கூட்டை இன்னொரு முறை போடச் சொல்லிச் சாப்பிட்டார். பிறகு நிமிர்ந்து, "ஏம்மா, மருந்தே இல்லாம இவ்ளோ காய் எப்படிம்மா வந்துது?" என்று கேட்டார்.

பிறந்ததிலிருந்து கேள்வி கேட்டவர் என் அக்கா. அப்பாவைத் தவிர அவரைக் கேட்டவர் யாரும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "வந்து பாக்கறீங்களா?" என்றார்.

மாமியார் கை கழுவிக்கொண்டு கிளம்பினார். அவர் பின்னால் பந்தியும் கிளம்பியது. விஷயம் கேள்விப்பட்டு, சாப்பிடாதவர்களும் கிளம்பினார்கள். நாதஸ்வரக்காரர்கூட வாத்தியத்தை உறையில் போட்டுவிட்டுப் போனார். மணவறையில் நானும் என் கணவரும் மாலையோடு தனியாக உட்கார்ந்திருந்தோம். மொய் எழுதவும் ஆள் இல்லை.

"எல்லாரும் எங்க போறாங்க?"

"எங்க அக்கா தோட்டத்துக்கு."

"அப்ப வா, நாமளும் போலாம்" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு கிட்டத்தட்ட அதுதான்.

நாங்கள் போனபோது உச்சி வெயில். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தி வரப்பில் பெண்கள் நின்றிருந்தார்கள். அது என்ன, இது ஏன், இந்தப் பூ எதற்கு என்று நாலா பக்கமும் கேள்வி. நடுவில் அக்கா, யாருக்கு முதலில் சொல்வது என்று தெரியாமல் திணறிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்லிக்கொண்டே இருந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் நான் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அன்று அந்த வரப்பில் நின்றவர்களில் பலர் இந்த மலரைப் படிக்கிறீர்கள். என் கல்யாணத்தை அப்படியே போட்டுவிட்டு, அந்த வெயிலில் நடந்து போய், என் அக்காவிடம் கேள்வி கேட்டீர்களே, உங்கள் எல்லோருக்கும் நன்றி.