மூன்றாம் ஓலைக்கு முன்

சாமியாராகப் போகிறேன் என்று மாதாவுக்கு ஒருமுறை வாக்குக் கொடுத்திருக்கிறேன். கொடுத்த இடம் பழவேற்காடு ஏரி. தண்ணீர் இடுப்பளவு. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

ஏரிக்கு அக்கரையில் ஒரு குப்பத்தில் உறவினர் வீட்டுப் பிள்ளை முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தை முடித்துக்கொண்டு படகில் திரும்பிக்கொண்டிருந்தேன். வாடைக்காற்று கிளம்பியது. இரண்டு மூன்று அலை உள்ளே வந்து விழுந்தது, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் முழங்காலில் விழுந்து, கண்ணை மூடிக்கொண்டு, கரை சேர்த்தால் கல்யாணத்தை விட்டுவிட்டுச் சாமியார் படிப்புக்குக் குருமடத்தில் சேர்ந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நிச்சயித்த பெண்ணின் ஞாபகம் அப்போது வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கண்ணைத் திறந்தால், படகோட்டி தண்ணீரில் நின்று படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். மணல் மேட்டில் தட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

"இன்னா சார், ஜபம் முடிஞ்சுதா? எறங்கி ஒரு கை குடு."

இறங்கினேன். சட்டைப்பை கூட நனையவில்லை.

வேறு யாராவது இதைச் சிரித்து மறந்திருப்பார்கள். நான் பொன்னேரி கோர்ட்டில் குமாஸ்தா. எழுதிக்கொடுத்தது எழுதிக்கொடுத்ததுதான் என்று நாள் முழுக்க அடுத்தவர் பத்திரங்களில் படிக்கிறவன். அந்நாளில் நான் நம்பிய கடவுளும் ஏறக்குறைய எங்கள் கோர்ட் மாதிரியே இருந்தார். தாமதமாகும், ஆனால் சம்மன் வந்தே தீரும். அது என் பேருக்கு வந்தால் பரவாயில்லை, என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் பேருக்கு வந்துவிடுமோ என்பதுதான் பயம்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று. முதல் ஓலையில் கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அத்தனை பேரில் தடை தெரிந்த ஒரே ஆள் நான்தான். இரண்டாம் ஓலைக்குத் தலைவலி என்று வீட்டிலேயே படுத்துவிட்டேன். மூன்றாவதற்கு நான்கு நாள் இருக்கும்போது டீச்சரைத் தேடிப் போனேன்.

பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர். அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானோபதேச வகுப்பும் அவர்தான். மற்றவர்கள் கேள்வியையும் பதிலையும் சேர்த்தே மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். இவர் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, "நீ இன்னா நெனைக்கிற?" என்று காத்திருப்பார். அந்தக் காத்திருப்பை விடப் பிரம்படி சௌகரியம் என்று எங்கள் வகுப்பில் அபிப்பிராயம் இருந்தது.

அவர் வீடு டச்சுக்காரர் கல்லறைக்குப் பின் தெருவில். கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளை மூன்று முறை சுற்றிவந்த பிறகே கதவைத் தட்டினேன். டீச்சர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"வாப்பா மாப்ள. பத்திரிகை கொண்டாந்தியா?"

"பத்திரிகை அடிக்கலாமான்னே தெரியல டீச்சர்."

முழுவதும் கேட்டார். சிரிக்கவில்லை. அதுவே எனக்குக் கலக்கமாக இருந்தது.

"உங்க கோர்ட்டுல, ஒருத்தன் கழுத்துல கத்தி வெச்சுக் கையெழுத்து வாங்குனா அது செல்லுமா?"

"செல்லாது டீச்சர்."

"உன் கழுத்துல கத்தி வெச்சது யாரு?"

"காத்துதான்."

"காத்து உன்னை சாமியாராப் போன்னு கேக்கலியே. யாரு கேட்டதா நெனச்ச?"

பழையபடி காத்திருக்க ஆரம்பித்தார். இரண்டு தாள் திருத்தி முடித்தார்.

"கடவுள்னு," என்றேன்.

"அப்போ இத்தினி நாளா நீ கும்பிட்டது, கத்தியோட நிக்கிற ஒரு ஆள. அவருக்குக் கடவுள்னு பேரு வெச்சது யாரு? நான் அப்படிச் சொல்லிக் குடுக்கலியே."

அடுத்த தாளை எடுத்துக்கொண்டார்.

"சாமியாராப் போவ உனக்கு ஆசை இருக்குதா? இருந்தா இப்பவே சொல்லு. பொண்ணு வீட்டுக்கு நானே வந்து பேசறேன்."

"இல்ல டீச்சர்." அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"அப்ப ஃபாதராண்ட ஒரு வார்த்தை சொல்லிடு, அதான் முறை. வாக்கு மீறிட்டேன்னு சொல்லாத. கடவுளை ரவுடின்னு நெனச்சிட்டேன்னு சொல்லு. அதான் நீ செஞ்ச பாவம்."

பாவமன்னிப்புக் கூண்டில் முழங்காலிட்டு அப்படியே சொன்னேன். தட்டிக்கு அப்பால் ஃபாதர் கொஞ்ச நேரம் இருமினார். பிறகு வாக்கிலிருந்து என்னை விடுவித்து, ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். வெளியே வந்ததும் பசித்தது. மூன்று வாரமாகச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்றே தெரியாமல் இருந்தவன், இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டேன்.

மூன்றாம் ஓலையன்று முன் வரிசையில் உட்கார்ந்தேன். தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்றபோது நானும் மற்றவர்களைப் போல் சுற்றுமுற்றும் பார்த்தேன். இன்றும் ஜெபிக்கும்போது பழைய ஆள் எட்டிப் பார்ப்பதுண்டு. கையில் என்ன வைத்திருக்கிறார் என்று முதலில் பார்த்துக்கொள்வேன்.

கல்யாணமாகி ஆறேழு மாதம் கழித்து, தைரியம் வந்து, எல்லாவற்றையும் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் இறால் குழம்பு வைத்துக்கொண்டே கேட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், குறைந்தபட்சம் கோபமாவது படுவாள் என்று.

"சாமியாராப் போயிருந்தா வாரா வாரம் நீங்கதான பிரசங்கம் வெக்கணும்?" என்றாள். "இத்தச் சொல்லி முடிக்கறதுக்குள்ள கொழம்பே கொதிச்சு எறங்கிடுச்சு. பாவம், ஜனங்க தப்பிச்சாங்க."