ஈரத்தில் பார்த்த வண்டி

என் அப்பா முப்பத்தோரு வருடம் கார்களைப் பார்த்தார். ஓட்டவில்லை, பழுது நீக்கவில்லை. பார்த்தார். கார்களை ஊர்விட்டு ஊர் ஏற்றிச் செல்லும் நிறுவனம் ஒன்றின் யார்டில் அதுதான் அவருக்கு வேலை. எட்டு கார் பிடிக்கும் இரண்டடுக்கு டிரெய்லர்கள் அங்கிருந்து புறப்படும். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு காரையும் அப்பா ஒரு சுற்று சுற்றி வருவார். கையில் கார் படம் அச்சிட்ட ஒரு தாள். கீறலுக்குக் கோடு, பள்ளத்துக்கு வட்டம், உடைசலுக்குப் பெருக்கல் குறி. அடியில் கையெழுத்து. தாளில் இல்லாத கீறல் போய்ச் சேர்ந்த இடத்தில் தென்பட்டால் அது வழியில் விழுந்தது என்று அர்த்தம். பழி ஓட்டுநர் தலையில்.

அப்பா பெல்ட் கட்டமாட்டார். பெல்ட்டின் பக்கிள் பெயின்டில் உரசும். வாட்ச், மோதிரம் கிடையாது. கால்சட்டை நழுவாமலிருக்க அம்மா இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். யார்டில் அவருக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. வீட்டிலும் அப்படித்தான். புதிதாக எதை வாங்கி வந்தாலும் ஜன்னலோரம் கொண்டுபோய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். கீறல் நேர்ப்பார்வைக்குச் சிக்காது, சாய்வான வெளிச்சத்தில்தான் தெரியும்.

“என்னை முதமுதல்ல பார்த்தப்பவும் இப்படித்தான் சாய்ஞ்சு பார்த்தாரு. பாவம், கழுத்துல சுளுக்காக்கும்னு நெனச்சேன்” என்பாள் அம்மா.

“ஒரு கோடு கூடப் போடலியே, கையெழுத்துப் போட்டுட்டேனே” என்பார் அப்பா.

அவருடைய வேலையில் ஒரு விதி உண்டு. ஈரமான காரைப் பார்க்கக் கூடாது. கீறலில் தண்ணீர் நிரம்பினால் ஒளி சிதறாது. பழைய கார்கூட ஷோரூமிலிருந்து வந்தது போல மின்னும். துடைக்க வேண்டும், பிளவுகளில் நிற்கும் நீர் காயும்வரை காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் தாளைத் தொட வேண்டும். புதிதாகச் சேருபவர்களுக்கு அப்பா முதலில் சொல்லும் சேதி இதுதான்.

நான் உலோகவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அப்பா ஒரு காரை ஈரத்தில் பார்த்தார்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருடைய கருநீலக் கார் அது. மகன் வீட்டோடு இருந்துவிடலாம் என்று அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார், கார் பின்னால் போகவேண்டியிருந்தது. அன்று விட்டுவிட்டு மழை. அதை ஏற்றிப்போக வந்த டிரெய்லரின் ஓட்டுநரை யார்டில் மாடி என்று கூப்பிடுவார்கள். மேலடுக்கில் கார் ஏற்ற எல்லாரும் தயங்குவார்கள், அவர் மட்டும் செருப்புக் காலோடு பாட்டுப் பாடிக்கொண்டு ஏற்றிவிட்டு வருவார். அப்பாவைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரைச் சித்தப்பா என்று அழைப்பேன். அன்று நடந்ததை அப்பா பின்னால் எனக்குச் சொன்னார்.

“அண்ணே, ஏழு ஏறியாச்சு, இது ஒண்ணுதான். பன்னெண்டு மணிக்கு மேல பாலத்துல கனரக வண்டிய விடமாட்டான்.”

“துடைக்கணும்டா.”

“துடைச்சா நனையும். நனைஞ்சா மறுபடி துடைப்பீங்க. ஒண்ணு செய்யுங்க, வானத்தையும் சேர்த்துத் துடைச்சிட்டு வாங்க. அதுக்குள்ள நான் பேரன் பேத்தி எடுத்துடறேன்.”

அப்பா சிரித்துவிட்டார். ஒரு சுற்று சுற்றினார். தாளில் ஒரு குறியும் இல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

போய்ச் சேர்ந்த ஊரில் வெயில். இடது பின்கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் தெரிந்தது. ஆசிரியை காரை வாங்க மறுத்துவிட்டார். தாள் சுத்தமாக இருந்ததால் நிறுவனத்தால் வாதாட முடியவில்லை. பெயின்ட் பட்டறை எங்கள் யார்டில் மட்டும் இருந்தது. அதே டிரெய்லரில் கார் திரும்பி வந்தது.

மாடி சித்தப்பாவுக்கு அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு சிவப்புக் குறி. மரக்கிளை பட்டு உடைந்த கண்ணாடி ஒன்று, சாய்தளத்தில் இடித்த பம்பர் ஒன்று. மூன்றாவது விழுந்தால் டிரெய்லரைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை விசாரணை என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அந்தப் பக்கம் கம்பியே இல்லண்ணே. எதுல கீறும்? பட்டை கட்டறப்போ கொக்கி தட்டியிருக்கும்னு மேனேஜர் சொல்றாரு. சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகமாப் போச்சு. தட்டியிருப்பேனோ?”

அப்பா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார். அம்மா தட்டு வைத்தாள். சித்தப்பா பாதியில் எழுந்து கை கழுவினார். “ஏன் எழுந்துட்டீங்க, உப்பு ஜாஸ்தியா?” என்று அம்மா கேட்டதற்கு, “இல்ல அண்ணி, நெஞ்சு அடைக்குது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை யார்டுக்குக் கூட்டிப்போனார். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதையும் எடுத்துவரச் சொன்னார். கார் பட்டறை ஓரத்தில் தனியாக நின்றது.

“நல்லாப் பாத்துச் சொல்லும்மா. இது எத்தனை நாள் கீறல்?”

மண்டியிட்டுப் பார்த்தேன். மெல்லிய கீறல், ஓரிரு புள்ளிகளில் மட்டும் பெயின்டைத் தாண்டித் தகடுவரை இறங்கியிருந்தது. அடியில் லேசான பழுப்புத் துரு. துருவை வைத்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது, மழையில் ஐந்து நாளில் அவ்வளவு பிடிக்கும். ஆனால் கீறலின் இரு ஓரங்களிலும் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. கார் பாலிஷ். நகத்தால் சுரண்டினேன், மாவாக உதிர்ந்தது. டிரெய்லரின் மேலடுக்கில் யாரும் காருக்குப் பாலிஷ் போடமாட்டார்கள். கீறல் விழுந்தபின் யாரோ மேலே பாலிஷ் தேய்த்திருக்கிறார்கள். அதாவது கார் யார்டுக்கு வரும் முன்பே கீறல் இருந்தது. ஈரத்தில் அந்த வெள்ளை நிறமற்றுப் போயிருக்கும், அப்பாவின் கண்ணுக்கு அகப்பட்டிருக்காது.

பத்து வினாடியில் எனக்கு இது தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது.

“சொல்ல முடியாதுப்பா. புதுசாவும் இருக்கலாம்” என்றேன்.

அப்பா லென்ஸை வாங்கவில்லை. தலையைச் சாய்த்தார்.

“ஓரத்துல வெள்ளையா இருக்கே, அதப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“என்ன அது?”

“தூசியா இருக்கும்.”

தலையை நிமிர்த்தினார். பிறகு “சரி, எழுந்திரு. முட்டில கிரீஸ் ஆகுது பாரு” என்றார். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார். தேர்வு எப்போது என்று கேட்டார். சொன்னேன்.

திங்கட்கிழமை விசாரணையில் என்ன நடந்தது என்று வீட்டில் விவரமாகப் பேசவில்லை. “ஈரத்துல பார்த்தேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்” என்று அம்மாவிடம் சொன்னார். சித்தப்பா அவசரப்படுத்தியதை எழுதினாரா என்று அம்மா கேட்டாள். “அவன் நூறு சொல்லுவான். கையெழுத்து என்னுது” என்றார். சிவப்புக் குறி விழவில்லை. அப்பாவிடமிருந்து தாள்களை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரம் அவரைச் சாவி அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை ஒன்பது வருடம் அங்கே இருந்தார். எண் சொன்னால் கொக்கியிலிருந்து சாவியை எடுத்து ஜன்னல் வழியே தரவேண்டும். அவ்வளவுதான் வேலை.

“இனிமே பெல்ட் கட்டலாம்ல?” என்று அம்மா ஒருநாள் கேட்டாள். கட்டவில்லை.

மாடி சித்தப்பா அதன்பின் அப்பாவிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. தினமும் அந்த ஜன்னலுக்கு வருவார், எண்ணைச் சொல்வார், சாவியை வாங்கிக்கொண்டு போவார். ஈரத்தில் பார்த்ததால் கீறல் கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்று அப்பாவுக்கு முதலிலேயே தெரிந்திருந்தும் திங்கட்கிழமைவரை தன்னைத் தவிக்கவிட்டார் என்பது அவர் கோபம். அதில் நியாயம் இருந்தது. அப்பாவும் அதை மறுக்கவில்லை.

இப்போது நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். உடைந்த பாகங்கள் வரும். எப்போது, எதனால் உடைந்தன என்று எழுதிக் கையெழுத்திடுகிறேன். அப்பாவுக்கு அதில் பெருமை. என் முதல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானாகவும் சொல்லவில்லை. சொல்ல இன்னும் நாள் இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார். மருத்துவமனை போய்ச் சேரும் முன் முடிந்துவிட்டது. எழுபத்திரண்டு வயது. மாரடைப்பு என்று சான்றிதழில் இருக்கிறது.

நான்காம் நாள் மாடி சித்தப்பா வந்தார். நரைத்திருந்தார், ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தார். டிரெய்லரை விட்டு இரண்டு வருடம் ஆகிறதாம். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் காபி கலந்து கொடுத்தேன். அவர் அப்பாவின் படத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

“முப்பது வருஷம் வண்டி ஓட்டினேன்மா. ரெண்டு புள்ளைங்களைப் படிக்க வச்சேன். எல்லாம் நீ காப்பாத்திக் கொடுத்தது.”

புரியவில்லை என்றேன்.

“அன்னைக்கு விசாரணைல மேனேஜர் உங்கப்பாவை நம்பலம்மா. ‘கூட்டாளியக் காப்பாத்தப் பழிய இழுத்துப் போட்டுக்கிறியா? பழைய கீறல்னு யாரு சொன்னா?’ன்னு கேட்டாரு. உங்கப்பா சொன்னாரு, ‘என் பொண்ணு உலோகம் படிக்கிறா. லென்ஸ் வச்சுப் பாத்துட்டா. உள்ள பாலிஷ் இருக்குன்னு அவதான் கண்டுபிடிச்சா’ன்னு. அப்புறம் மேனேஜரும் குனிஞ்சு பாத்தாரு. படிச்ச புள்ள சொன்னதாச்சே. உன் கல்யாணத்துக்கு வந்தேனே, உனக்காகத்தான் வந்தேன். அவருக்காக இல்ல.”

“நான் அப்படிச் சொல்லல சித்தப்பா.”

“என்னம்மா?”

“பாலிஷைப் பார்த்தேன். தூசின்னு சொன்னேன். புதுக் கீறலா இருக்கலாம்னு சொன்னேன். அப்பாவுக்கு வேலை போயிடும்னு பயந்தேன். உங்களைப் பத்தி நான் நினைக்கல.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

“அப்போ அன்னைக்கு அவரு பக்கம் ஒருத்தருமே இல்லையா?”

“இல்ல.”

அப்பாவின் படத்தின் பக்கம் திரும்பினார்.

“ஒன்பது வருஷம் அந்த ஜன்னல்ல நின்னு வெறும் நம்பர் மட்டுந்தாம்மா சொன்னேன்” என்றார்.